ரோபஸ்டாவுக்கு ஒரு டம்ளர் மரியாதை

காப்பித்தூள் பாக்கெட்டின் மேல் '100% அராபிகா' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். '100% ரோபஸ்டா' என்று அதே பெருமையோடு அச்சடித்த பாக்கெட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அராபிகா என்றால் உசத்தி, ரோபஸ்டா என்றால் மட்டம். காப்பி விற்பவர்கள் உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கும் பாடம் இதுதான். இந்தப் பாடத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் ஒரு நாடு பல தலைமுறைகளாகத் தன் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நாடு வியட்நாம்.

கண்ணாடி டம்ளரின் அடியில் கெட்டியான பால், அதன் மேல் கறுப்பாகச் சொட்டும் டிகாஷன், கடைசியில் டம்ளர் நிறைய ஐஸ். இந்தக் காப்பியை வீட்டிலேயே போட்டுக் குடிக்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செய்முறைக்கும் பஞ்சமில்லை, யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், செய்கிறவர் அதைக் கொஞ்சம் 'நல்லபடியாக' செய்யலாம் என்று நினைக்கும் இடத்தில்தான். விலை அதிகமான அராபிகாத் தூளை வாங்குகிறார். டப்பாப் பால் எதற்கு என்று ஃபிரெஷ் பாலை ஊற்றுகிறார். சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கிறார். கடைசியில் குடித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, பால் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு பில்டப்?" என்கிறார்.

குறை காப்பியில் இல்லை. இந்தக் காப்பியில் மட்டம் என்று எதையெல்லாம் மாற்றினாரோ, அவைதான் இந்தக் காப்பியே. ரோபஸ்டாவை எடுத்துவிட்டு இதைச் செய்வது, புளியை எடுத்துவிட்டுப் புளிக்குழம்பு வைப்பது மாதிரி.

முதலில் பெயரைப் பார்க்கலாம். வியட்நாமியர்கள் இதை 'கா ஃபே சுவா டா' என்கிறார்கள். கா ஃபே என்றால் காப்பி, சுவா என்றால் பால், டா என்றால் ஐஸ். டா என்ற சொல்லுக்குக் கல் என்றும் பொருள் உண்டு. ஆலங்கட்டியைக் 'கல் மழை' என்று சொல்கிற ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியாது. வடக்கே ஹனோய் பக்கம் இதையே 'நவ் டா' என்பார்கள். நவ் என்றால் பழுப்பு நிறம். பெயரில் சுவா என்று வெறும் பால்தான் இருக்கிறது, டப்பாப் பால் என்று இல்லை என்பதைக் கவனியுங்கள். காப்பி என்று வந்துவிட்டால் அந்த ஊரில் பால் என்றாலே டப்பாவில் வரும் கண்டென்ஸ்டு மில்க்தான். வேறு பால் என்றால்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

இது எப்படி வந்தது? காப்பிச் செடியை வியட்நாமுக்குக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுப் பாதிரியார்கள். வருடம் 1857 என்று சொல்வது வழக்கம். அதற்கு ஒரு வருடம் முன்னால், 1856-இல், கெய்ல் போர்டன் என்ற அமெரிக்கர் பாலைச் சுண்டவைத்துக் கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். இரண்டும் பிறகு ஒரே டம்ளரில் சந்தித்தன. வெயில் கொளுத்தும் நாடு, மாடு வைத்துப் பால் கறந்து குடிக்கும் பழக்கமும் பெரிதாகக் கிடையாது, அந்தக் காலத்தில் பிரிட்ஜும் கிடையாது. காப்பியில் பால் கேட்ட பிரெஞ்சுக்காரர்களுக்குக் கப்பலில் வந்த டப்பாப் பால்தான் வழி. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், டப்பா தங்கிவிட்டது. இன்று வியட்நாமின் வினாமில்க் நிறுவனம் விற்கும் 'ஓங் தோ' டப்பாவைப் பார்க்காமல் அந்த ஊர் மளிகைக்கடையைத் தாண்டிவிட முடியாது.

இல்லாததை வைத்து இன்னொன்றை உண்டாக்குவது அந்த நாட்டுக் காப்பிக்கே உரிய குணம் போல. 1946-இல் ஹனோயில் போர்ச் சூழல், பாலுக்குத் தட்டுப்பாடு. மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஸாங் என்பவர், முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காப்பியின் மேல் போட்டார். அந்த முட்டைக் காப்பியை இன்று ஹனோய் போகும் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று குடிக்கிறார்கள். தட்டுப்பாட்டில் பிறந்த பண்டம், தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் நிலைத்துவிட்டால் அதை மாற்றுச் சரக்கு என்று சொல்ல முடியாது. அது தனிச் சரக்கு.

இனி ரோபஸ்டாவுக்கு வரலாம். அராபிகாவோடு ஒப்பிட்டால் ரோபஸ்டாவில் காபீன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அராபிகாக் கொட்டையில் சுமார் 1.2 முதல் 1.5 சதவீதம் என்றால், ரோபஸ்டாவில் 2.2 சதவீதத்துக்கு மேல். கசப்புக்குக் காரணமான குளோரோஜெனிக் அமிலமும் அதிகம். சர்க்கரையும் எண்ணெயும் குறைவு. அதனால் கசப்பு தூக்கலாக, மணம் முரட்டுத்தனமாக, நாக்கில் கனமாக இருக்கும். வெறும் தண்ணீரில் லேசாக இறக்கி, பால் சர்க்கரை இல்லாமல் குடித்தால் முகம் சுளிக்கத்தான் செய்யும். அராபிகாவோடு அந்தப் போட்டியில் நிறுத்தினால் ரோபஸ்டா தோற்கும். ஆனால் கபடி வீரனைப் பரதநாட்டிய மேடையில் ஏற்றிவிட்டு, ஆடத் தெரியவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

சாதி பார்க்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. அராபிகா என்பதே ஒரு கலப்பில் பிறந்த செடி. பல லட்சம் வருடங்களுக்கு முன் இயற்கையாகவே இரண்டு காப்பி இனங்கள் கலந்து அராபிகா உண்டானது என்று மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. அந்த இரண்டில் ஒன்று, ரோபஸ்டா எந்த இனத்தைச் சேர்ந்ததோ அதே கனெபோரா இனம். அதாவது, உசத்தி என்று கொண்டாடப்படும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவரைத்தான் மட்டம் என்று வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள். உடல் பலத்திலும் பெற்றவர்தான் உறுதி. இலங்கையில் 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய், அங்கிருந்த அராபிகாத் தோட்டங்களைச் சில பத்தாண்டுகளில் அழித்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் முதலில் வேலை பார்த்தது காப்பித் தோட்டங்களில்தான், தேயிலை அதற்குப் பிறகு வந்தது. அந்த நோயை நன்றாகத் தாங்குகிற செடி ரோபஸ்டா.

சரி, டம்ளருக்குள் என்ன நடக்கிறது? பள்ளிக்கூட பௌதிகமே போதும். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். சூடான காப்பியும் டப்பாப் பாலும் சேர்ந்த கலவை 100 கிராம், வெப்பநிலை 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அது ஐஸ் குளிர்ச்சிக்கு வர ஏறத்தாழ 70 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அதாவது, குடிக்க ஆரம்பிக்கும் முன்பே காப்பியில் முக்கால் பங்கு தண்ணீர் தானாகச் சேர்ந்துவிடுகிறது. போதாதற்கு, குளிர்ந்த பண்டத்தில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகவே தெரியும். உருகிய குல்பியைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், திகட்டும்.

இப்போது மறுபடி யோசித்துப் பாருங்கள். இவ்வளவு தண்ணீர் சேர்ந்த பிறகும் காப்பி காப்பியாக இருக்க வேண்டும் என்றால் தொடக்கமே முரடாக இருக்க வேண்டும். அதற்கு ரோபஸ்டாவும் கருக்க வறுத்த வறுவலும். பாலோடு சேர்ந்து இன்னும் தண்ணீர் வரக்கூடாது என்றால் ஏற்கனவே தண்ணீரைச் சுண்டவைத்த பால் வேண்டும். அதற்கு டப்பா. குளிர்ச்சியில் அமுங்கிப் போகும் இனிப்பைத் தூக்கி நிறுத்த சர்க்கரை கூடுதலாக வேண்டும். அதுவும் அந்த டப்பாவிலேயே இருக்கிறது. ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டுகிறது. இதில் ஒன்றை மட்டும் உருவி 'தரமானதாக' மாற்றினால் மற்ற இரண்டும் தடுமாறும். அராபிகாவின் மென்மையான பூ வாசமும் பழப் புளிப்பும் டப்பாப் பாலுக்குள் விழுந்தால் மூச்சுக் காட்டாது. காசும் வீண், காப்பியும் வீண்.

செய்முறைக்கு வருவோம். வியட்நாமில் இதற்குப் பயன்படுவது 'ஃபின்' என்ற சின்னப் பில்டர். டம்ளர் மேல் உட்காரும் ஒரு ஓட்டைத் தட்டு, அதன் மேல் தூள் போடும் கிண்ணம், தூளை அமுக்க உள்ளே ஒரு சல்லடைத் தகடு, மேலே ஒரு மூடி. அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், காகிதம் வேண்டாம். ஆன்லைனில் கிடைக்கிறது.

முதலில் டம்ளரில் இரண்டு மேஜைக்கரண்டி, அதாவது சுமார் 40 கிராம், கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிக்கொள்ளுங்கள். இங்கே கிடைக்கும் மில்க்மெய்ட், அமுல் மிட்டாய் மேட் எதுவானாலும் சரி.

ஃபின் கிண்ணத்தில் 20 கிராம் தூள் போட்டு, லேசாகத் தட்டிச் சமன் செய்து, தகட்டை வையுங்கள். தூள் ரொம்ப மாவாக இருக்கக் கூடாது. ரவையைவிடக் கொஞ்சம் சன்னமாக இருந்தால் சரி.

தண்ணீர் நன்றாகக் கொதித்து அடங்கியதும், முதலில் இரண்டு மேஜைக்கரண்டி அளவு மட்டும் ஊற்றி அரை நிமிடம் விடுங்கள். தூள் ஊறி உப்பும். பிறகு 80 முதல் 100 மில்லி ஊற்றி மூடிவிடுங்கள்.

சொட்டிமுடிக்க நான்கைந்து நிமிடம் ஆக வேண்டும். ஒரே நிமிடத்தில் கடகடவென்று இறங்கினால் தூள் கொரகொரப்பு அதிகம் என்று அர்த்தம். பத்து நிமிடம் ஆகியும் அழுதுகொண்டிருந்தால் தூள் மாவாக இருக்கிறது, அல்லது தகட்டை அதிகமாக அமுக்கிவிட்டீர்கள்.

இறங்கியதும், சூடு ஆறுவதற்குள், அடிவரை கரண்டி விட்டு நன்றாகக் கலக்குங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். ஐஸைப் போட்ட பிறகு கலக்கினால் பால் அடியில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கடைசி வாய் மட்டும் அல்வாவாக இருக்கும்.

இன்னொரு உயரமான டம்ளரில் விளிம்பு வரை ஐஸ் போட்டு, கலந்த காப்பியை அதன் மேல் ஊற்றுங்கள். ஐஸில் கருமித்தனம் வேண்டாம். நாலே நாலு கட்டி போட்டால் அத்தனையும் உருகி, காப்பி வெதுவெதுப்பாகவே நிற்கும். நிறையப் போட்டால்தான் வேண்டியது மட்டும் உருகி மிச்சம் கட்டியாக நிற்கும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் கணக்கு சரிதான்.

பால் தூக்கலாக வேண்டும் என்பவர்களுக்குத் தெற்கு வியட்நாமில் 'பாக் சியு' என்று இன்னொரு வகை இருக்கிறது. பால் நிறைய, காப்பி கொஞ்சம். காப்பிக்குப் புதியவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

ஃபின் இல்லையென்றால் விட்டுவிட வேண்டாம். தமிழ்நாட்டு வீட்டுப் பித்தளை பில்டரோ எவர்சில்வர் பில்டரோ இதற்குத் தூரத்துச் சொந்தம்தான். மேல் பாத்திரம், ஓட்டை, தூளை அமுக்க ஒரு குடை, சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாஷன் என்று எல்லாம் அங்கேயும் இருக்கிறது. என்ன, அது இன்னும் நிதானமாக இறங்கும், கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் டிகாஷன் சூடு ஆறிவிடும் என்பதால் கீழ்ப் பாத்திரத்தைக் கொதிநீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடுகாட்டிவிட்டுப் பாலோடு கலக்கலாம்.

அப்படியானால் சிக்கரி? இங்கே ஒரு சுவாரசியம் இருக்கிறது. 1975-இல் போர் முடிந்து அமெரிக்காவுக்கு அகதிகளாகப் போன வியட்நாமியர்களுக்கு ஊர்க் காப்பித்தூள் கிடைக்கவில்லை. அவர்களில் பலர் பிடித்துக்கொண்டது நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கஃபே டு மோண்ட் டப்பாவை. அது சிக்கரி கலந்த காப்பி. அந்தக் கனமும் கசப்பும் ஊர் ருசிக்குக் கிட்டத்தில் இருந்தது. ஆகவே வீட்டில் இருக்கும் சிக்கரி கலந்த தூளில் செய்தால் பாவம் ஒன்றும் இல்லை. அகதி வாழ்க்கையில் ஒரு சமூகமே அதைச் செய்து காட்டியிருக்கிறது. ஆனால் இன்ஸ்டன்ட் தூள் வேண்டாம். அதில் கசப்பு இருக்கும், உடம்பு இருக்காது.

இதுவரை சொன்னது நாக்கு விஷயம். இனி காசு விஷயம். ரோபஸ்டாவை மட்டம் என்று சொல்வதால் நஷ்டப்படுவது குடிப்பவர் மட்டும் இல்லை.

உலகக் காப்பி வியாபாரத்தில் அராபிகாவுக்கு விலை நிர்ணயமாவது நியூயார்க் சந்தையில், ரோபஸ்டாவுக்கு லண்டன் சந்தையில். நியூயார்க்கில் அராபிகாவுக்குப் பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று விலை சொல்வார்கள். லண்டனில் ரோபஸ்டாவுக்கு டன்னுக்கு இத்தனை டாலர். அளவுகோலிலேயே வித்தியாசம் தெரிகிறது. ஒன்று தராசில் நிறுக்கும் சரக்கு, மற்றது லாரியில் கொட்டும் சரக்கு. ரோபஸ்டாவில் பெரும்பகுதி இன்ஸ்டன்ட் தூளுக்கும் கலவைக்கும் போகிறது. பாக்கெட்டில் அதன் பெயர் வராது. பெயர் இல்லாத சரக்குக்குப் பேரம் பேசும் பலமும் இல்லை. வணிகவியல் முதலாம் ஆண்டுப் பாடத்தில் வருகிற சங்கதிதான் இது.

வியட்நாம் இதற்குக் கொடுத்த விலை சின்னதில்லை. கதை கிழக்கு ஜெர்மனியில் தொடங்குகிறது. 1975-இல் பிரேசிலில் பனி விழுந்து காப்பிச் செடிகள் கருகின. உலக விலை ஏறியது. டாலர் தட்டுப்பாட்டில் இருந்த கிழக்கு ஜெர்மனி, 1977-இல் பாதிக்குப் பாதி மட்டுமே காப்பியும் மீதி கம்புவகைத் தானியம், சிக்கரி முதலியவையும் கலந்த ஒரு தூளை மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 1980-இல் வியட்நாமோடு ஒப்பந்தம். இவர்கள் இயந்திரமும் பணமும் தருவது, அவர்கள் மத்திய மேட்டுநிலத்தின் டாக் லாக் மாகாணத்தில் காப்பி பயிரிட்டுத் தருவது. செடி வளர்ந்து முழு விளைச்சலுக்கு வர வருடக்கணக்காகும் அல்லவா? தோட்டம் தயாரான நேரத்தில், 1990-இல், வாங்க வேண்டிய நாடே உலக வரைபடத்தில் இல்லை!

ஆனால் மரங்கள் நின்றன. 1986-இல் தொடங்கிய 'டோய் மோய்' சீர்திருத்தத்தில் விவசாயிகளுக்குத் தங்கள் கணக்கில் பயிரிட்டு விற்க வழி திறந்திருந்தது. 1989-இல் நாடுகளுக்கு இடையே இருந்த காப்பி ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை உடைந்தது. 1994-இல் பிரேசிலில் மறுபடி பனி, மறுபடி விலையேற்றம். டாக் லாக்கில் குடும்பம் குடும்பமாகக் காப்பி நட்டார்கள். 1990-இல் ஒரு லட்சம் டன்னைத் தொடாத விளைச்சல் 2000-இல் எட்டு லட்சம் டன். பிரேசிலுக்கு அடுத்த இடம். அதில் 90 சதவீதத்துக்கு மேல் ரோபஸ்டா.

பிறகு நடந்ததைப் பொருளாதாரப் புத்தகத்தின் வரைபடம் போலவே சொல்லலாம். சரக்கு கூடியது, விலை விழுந்தது. 2001, 2002-இல் உலகக் காப்பியின் சராசரி விலை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. பல நாடுகளில் பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை. டாக் லாக்கில் மரங்களை வெட்டி எறிந்தவர்கள் உண்டு. அப்போது உலகப் பத்திரிகைகள் பலவும் 'மட்டக் கொட்டையை மலைபோல் கொட்டிய வியட்நாம்' என்ற பாணியில்தான் எழுதின. அந்த மலையை மலிவாக வாங்கி வறுத்தவர்கள் மீது அவ்வளவு கோபம் வரவில்லை.

சக்கரம் சுழன்றது. வறட்சியும் வரத்துக் குறைவும் சேர்ந்து 2024-இல் லண்டனில் ரோபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. அராபிகாவுக்கும் அதற்கும் இருந்த இடைவெளி வெகுவாகக் குறைந்தது. அந்த வருடம் வியட்நாம் ஏற்றுமதி செய்த அளவு 2023-ஐவிடக் குறைவு, வருமானமோ 500 கோடி டாலருக்கு மேல். சரக்கு அதே சரக்குதான். ஆனால் ஏறிய விலை வறட்சியால் ஏறிய விலை. மழை நன்றாகப் பெய்தால் இறங்கிவிடும். மதிப்பால் ஏறிய விலைதான் நிலைக்கும்.

அந்த மதிப்பு எங்கிருந்து வரும்? ரோபஸ்டாவை ரோபஸ்டாவாகவே கேட்டு வாங்கிக் குடிக்கிறவர்களிடமிருந்து. 1996-இல் டாக் லாக்கின் தலைநகரமான புவோன் மா துவோட்டில் தொடங்கிய ட்ரங் நுயென் நிறுவனம், உள்ளூர்க் காப்பியைப் பெயர் போட்டு விற்றே பெரிதாக வளர்ந்தது. உலகம் முழுக்கக் கடை விரித்த ஸ்டார்பக்ஸ் 2013-இல்தான் வியட்நாமுக்குள் நுழைந்தது. நுழைந்த பிறகும் தெருவோரப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபின் காப்பி குடிக்கிறவர்களை அதனால் நகர்த்த முடியவில்லை. தன் சரக்கைத் தானே ருசித்துக் குடிக்கிற ஊரில் வெளியார் வந்து தரம் சொல்லிக்கொடுப்பது கஷ்டம்.

எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவது நல்லது.

"டப்பாப் பாலே மட்டமான கொட்டையின் நாற்றத்தை மறைக்கத்தானே?" என்று கேட்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வியட்நாமிலேயே மக்காச்சோளம், சோயா வறுத்துக் கலந்து, வெண்ணெயும் சர்க்கரையும் பூசிக் காப்பி என்று விற்ற வியாபாரிகள் உண்டு. ஆனால் கலப்படம் வியாபாரியின் குற்றம், கொட்டையின் குற்றமில்லை. பழுக்காத காய், பூஞ்சை பிடித்த காய் எல்லாவற்றையும் ஒன்றாக உருவிக் காயவைத்தால் அராபிகாவும் நாறும். பழுத்ததை மட்டும் பறித்துக் கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டாவைக் குடித்தால் கோகோ வாசமும் வறுத்த நிலக்கடலை வாசமும் தெரியும்.

"இவ்வளவு சர்க்கரையா?" இது நியாயமான கேள்வி. 40 கிராம் கண்டென்ஸ்டு மில்க்கில் சேர்த்த சர்க்கரை மட்டும் ஏறத்தாழ 18 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். போதாததற்கு ஒரு டம்ளரில் காபீன் 200 மில்லிகிராமைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே தினம் மூன்று வேளை குடிக்கிற பானம் இல்லை இது. ராத்திரி எட்டு மணிக்குக் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புலம்பவும் கூடாது. மைசூர்பாகை யாரும் தினம் சாப்பிடுவதில்லை. அதற்காக நெய்யைக் குறைத்து மைசூர்பாகு செய்யச் சொல்வதும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் குடியுங்கள், ஒழுங்காகக் குடியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். ஃபின்னில் இறங்கிய கறுப்புக் காப்பியை ஐஸில் ஊற்றி அப்படியே குடிக்கலாம். அங்கேயும் நிறையப் பேர் அப்படித்தான் குடிக்கிறார்கள்.

"காட்டை அழித்து வளர்த்த காப்பிதானே?" மூன்று கேள்விகளில் கனமானது இது. மத்திய மேட்டுநிலத்தில் காடுகள் போனதும், நிலத்தடி நீர் இறங்கியதும், அங்கே ஆதியிலிருந்து வாழ்ந்த எடே போன்ற பழங்குடி மக்கள் சமவெளியிலிருந்து வந்து குடியேறியவர்களால் ஓரங்கட்டப்பட்டதும் மறைக்க முடியாதவை. 2020-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பியை வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் நிறைவேற்றியது. அது அமலுக்கு வரும் தேதியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளியும் வைத்தது. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். கிலோவுக்குக் கிடைப்பது சொற்பம் என்றால் விவசாயி என்ன செய்வார்? இன்னும் ஒரு ஏக்கர் வெட்டி இன்னும் பத்து மூட்டை எடுக்கத்தான் பார்ப்பார். தரத்துக்கு விலை கிடைத்தால்தான் இருக்கிற ஏக்கரிலேயே நிழல் மரம் நட்டு, தண்ணீரை அளந்து விட்டு, நிதானமாக விளைவிக்க அவருக்குத் தெம்பு வரும். மலிவுச் சரக்கு என்ற முத்திரை காட்டையும் சேர்த்துத்தான் தின்கிறது.

இதில் இந்தியாவுக்கும் பங்கு இருக்கிறது. இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறத்தாழ 70 சதவீதம் ரோபஸ்டா. குடகு, வயநாடு, நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் எல்லாம் ரோபஸ்டா விளையும் பக்கங்கள். கழுவிப் பதப்படுத்திய நல்ல ரோபஸ்டாவுக்குக் 'காப்பி ராயல்' என்று தனிப் பெயர் வைத்து இந்தியக் காப்பி வாரியம் வெளிநாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. இத்தாலிக்காரர்கள் எஸ்பிரஸோவின் நுரைக்காக இந்திய ரோபஸ்டாவை வாங்கிக் கலக்கிறார்கள். உள்ளூரில்தான் பலருக்கும் பிளாண்டேஷன் ஏ, பீபெரி என்ற பெயர்களைத் தாண்டி வேறு தெரிவதில்லை.

ஆகவே அடுத்த முறை அரைத்துக் கொடுக்கும் காப்பிக்கடைக்குப் போகும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, ரோபஸ்டா மட்டும் கால் கிலோ. நல்லா கருக்க வறுத்தது. சிக்கரி வேண்டாம். கொஞ்சம் கொரகொரப்பா அரைச்சுக் குடுங்க." கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். "தனியாவா? கசக்குமே தம்பி" என்பார். கசக்கட்டும். டம்ளரில் டப்பாப் பால் காத்துக்கொண்டிருக்கிறது. இப்படி நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆளுக்கு அந்தக் கடையில் 'ரோபஸ்டா' என்று எழுதி ஒட்டிய டப்பா ஒன்று இருக்கும்.